மும்பைப் பிள்ளை தமிழ் எழுதும்போது
(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு, ஐரோலி)

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரின் நினைவாக அவருடைய குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளை இது. ஆகவே செம்மொழி, உயர்கல்வி என்றெல்லாம் போகாமல் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்போடு நிற்கிறேன். நம் பிள்ளைகள் தமிழ் எழுதும்போது விடும் பிழைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஐரோலியிலோ செம்பூரிலோ ஞாயிறு வகுப்புக்குத் தமிழ் படிக்க வரும் ஏழு வயதுப் பிள்ளையிடம் 'மரம்' என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'மரம' என்று எழுதும். "புள்ளி எங்கே?" என்று அதட்டி, பத்துத் தடவை எழுத வைக்கிறோம். பதினொன்றாவது தடவையும் புள்ளி விழாது. கவனக்குறைவு என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

அது கவனக்குறைவு இல்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மராத்தி எழுதிவிட்டு வந்திருக்கிறது. மராத்திப் பாடத்தில் தாமரைக்குக் 'கமள்' என்று பெயர். எழுதும்போது மூன்றே எழுத்து. கடைசி எழுத்தில் எந்தக் குறியும் கிடையாது. சொல்லின் முடிவில் வரும் அகரத்தை வாசிப்பவரே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதைப் பிள்ளை நன்றாகப் பிடித்துக்கொண்டு தமிழிலும் பொருத்திப் பார்க்கிறது. அதே பிள்ளை, 'பல' என்று அச்சிட்டிருப்பதைப் 'பல்' என்று வாசிப்பதையும் கவனித்திருப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

இன்னொன்று, 'கொடி' என்றால் 'கோடி' என்று எழுதுவது. மராத்தியில் எகர ஒகரங்களுக்குக் குறில், நெடில் என்று தனித்தனி எழுத்து இல்லை. நம் ஓலைச்சுவடிகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். தொல்காப்பியம் மெய்க்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி சொன்னாலும், ஓலை கிழியும் என்று ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று இடம் பார்த்துத்தான் படித்தார்கள். ஏகார ஓகாரங்களுக்கு இன்று நாம் போடும் வடிவம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தின் வழியாக வந்தது. ஆக, நம் ஐரோலிப் பிள்ளை செய்யும் பிழையைத் தமிழ் ஏடு எழுதிய பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். சிவப்பு மையால் சுழிக்கும் முன் இதை ஆசிரியர் நினைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"டீச்சர், இது எந்த க?" என்று கேட்கும் பிள்ளையும் உண்டு. மராத்தியில் நான்கு எழுத்தாக இருப்பது நம்மிடம் ஒன்று. அருமையான கேள்வி அது. விதி சொல்ல வேண்டாம். கல், தங்கை, மகன் என்று பலகையில் எழுதி வாய்விட்டுப் படிக்க வையுங்கள். வீட்டில் தங்கச்சியைக் கூப்பிடும் வாய் அது. ஒலி தானாகச் சரியாக வரும்.

மராத்தி கொண்டுவந்து தரும் நன்மையும் பெரிது. லகர ளகரம், ணகரம் என்றால் தமிழ்நாட்டிலேயே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இங்கே பள்ளிக்கூடம் 'ஷாளா', தண்ணீர் 'பாணீ'. காதுக்கும் நாக்குக்கும் பயிற்சி முன்பே ஆகிவிட்டது. மராத்தி உயிர்மெய் வரிசையான 'பாராகடி' பாடிய பிள்ளைக்கு நம் உயிர்மெய் வரிசை புதிதில்லை. 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துவது நாம்தான். துணைக்காலும் கொம்பும் எங்கே சேர்கின்றன என்று காட்டினால் போதும். 'கொ' எழுதும்போது மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லித் தர வேண்டும். எழுத்துக்கு முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி என்பது அவர்களுக்குப் புதிது.

2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் சொல்கிறது. மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளின் மொழிகளில் தமிழும் ஒன்று. இரண்டு மொழியும் ஒரே பிள்ளையின் பையில் இருக்கின்றன. ஆனால் தமிழ் ஆசிரியர் மராத்தி நோட்டைத் திறந்து பார்ப்பதில்லை. மராத்தி ஆசிரியர் தமிழ் நோட்டைப் பார்ப்பதில்லை.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1995இல் தொடங்கிய பிரதம் அமைப்பு நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எதுவரை வாசிக்கிறது என்று பார்த்துக் குழு பிரிப்பது அவர்கள் முறை. எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து வாசிக்கக் கேட்கிறார்கள். நம் ஞாயிறு வகுப்புகளில் இது நடப்பதே இல்லை. பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி நோட்டை நிரப்புகிறார்கள். கையெழுத்து முத்தாக இருக்கிறது. எழுதிய வரியைப் படிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். எழுத்தைக் குறைத்து வாசிப்பைக் கூட்டுங்கள். எழுத்துக்கூட்டித் திக்கித் திணறிப் படித்தாலும் குறுக்கே பேசாமல் வரி முடியும்வரை காத்திருங்கள்.

இந்த அறக்கட்டளையின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வட்டியில் பரிசுக் கோப்பை வாங்க வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சான சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வாங்கி, பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக விடுங்கள். கிழிந்தால் கிழியட்டும். பக்கத்துப் பள்ளிகளின் மராத்தி ஆசிரியைகளையும் அழைத்து, நம் ஆசிரியர்களோடு அரைநாள் உட்காரச் செய்யுங்கள். ஒரே பிள்ளையின் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்ப்போம். எந்த ஞாயிறு வசதி என்று இன்றைக்கே முடிவு செய்துவிட்டால், நானும் வந்து உட்காருகிறேன்.