அறிவுரைக்கு முன்னால் கொஞ்சம் காது



என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், விடுதியில் முதலாண்டுத் தம்பி ஒருவன், "படிப்பு ஏறலண்ணே, ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்றான். கொலம்பியாவில் அம்பேத்கர் படித்த கதையை அரைமணி நேரம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டான். மறுவாரம் பெட்டியைக் கட்டிவிட்டான்.

கல்வி உதவித்தொகை வராமல் மெஸ் பாக்கி ஏறியிருக்கிறது. பாக்கிக்காரர்கள் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவன் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நானோ பாபாசாகேபையும் அவன் தலையில் சுமையாக ஏற்றிவிட்டேன். மேடைப் பழக்கம் நம்மை அவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறது.

கார்ல் ரோஜர்ஸ் வழிவந்த உளவியல் பயிற்சிகளில் முதல் பாடமே கேட்பதுதான். கேட்டதை நம் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். "பலகையில பேரப் பாத்ததும் அவமானமா இருந்துச்சா?" என்றால், "இல்லண்ணே, கோவம்" என்பான். பேச்சு அங்கே திறக்கும்.

குடும்பத்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்டுத் தொடங்கு என்றும் சொல்லித்தருவார்கள். இங்கேதான் சிக்கல். "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்றார்?" பாடநூலில் இது அக்கறை. நம் பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுப் பழகிய சாதி விசாரணை. அவர்களாகச் சொல்லும்வரை ஊரை விடுங்கள். "இந்த வாரம் எப்படிப் போச்சு?" போதும். "சாதி பாக்குறாங்க" என்று ஒரு பெண் சொன்னால், "அவர் அப்படி நினைச்சிருக்க மாட்டார்மா" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அடுத்தமுறை அவள் வரமாட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 14416, டெலி மானஸ் எண். கூட உட்கார்ந்தே அழையுங்கள். மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள்.

ஆனால் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா நம்மை விட்டுப் போனபோது ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருந்தது. எவ்வளவு கனிவாகக் காது கொடுத்தாலும் அந்தப் பணம் வராது. ஆகவே கேட்டு முடித்ததும் அலுவலகத்துக்குக் கூடவே நடங்கள், மனு எழுதுங்கள். பாகுபாட்டுப் புகார்களுக்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி போட்டது. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று இன்றே விசாரியுங்கள்.

அந்தத் தம்பி இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் அழைத்து, "அஞ்சல்வழியில சேரலாமாண்ணே?" என்றான். வாய்வரை வந்த உரையை விழுங்கிக்கொண்டு, "உனக்கு என்னப்பா தோணுது?" என்றேன். ரொம்ப நேரம் பேசினான்.