எந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்?

பழைய மாருதி ஸ்விஃப்ட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்தத் தலைமுறை?

2005இல் இந்தியாவுக்கு வந்த ஸ்விஃப்ட் 2011, 2018, 2024 என மூன்று முறை அடியோடு மாறியது. 2011 வடிவத்தின் டிக்கி 204 லிட்டர், 2018இல் 268. ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு பை கூடுதலாகப் பிடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், 2018 வடிவத்தில் விலை குறைந்த வகைக்கும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. முந்தைய வண்டிகள் பலவற்றில் இவை கிடையாது. பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு இதற்காகவே கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம்.

டீசல் வேண்டுமா? 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டது.

ஆர்.சி.யில் பதிவு 2018 என்றிருந்தாலும், வண்டி 2017இல் தயாரான பழைய வடிவமாக இருக்கலாம். பின்கதவுக் கைப்பிடியைப் பார்த்தால் போதும். கதவின் நடுவில் இருந்தால் பழையது. ஜன்னலை ஒட்டி மேலே ஒளிந்திருந்தால் புதியது.

2015க்கு முந்தைய சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குப் புது சீட் உறை போட்டிருப்பார்கள். பெல்ட்டின் அடியில் சேற்றுக் கறை அப்படியே தங்கியிருக்கும்.