வெடிமருந்தைக் காக்கும் தொழில்



படை என்ற சொல்லைக் கேட்டதும் துப்பாக்கி ஏந்திய சிப்பாயும், பீரங்கியின் பக்கத்தில் நிற்கும் வீரனும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். அந்தப் பீரங்கியில் இடும் குண்டு எங்கே செய்யப்பட்டது, எத்தனை ஆண்டுகள் எந்தக் கிடங்கில் கிடந்தது, அது நம்பத் தக்கது என்று சான்று கூறியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இராணுவ வெடிபொருள் கிடங்குகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த மனிதர்களைப் பற்றி இன்று உங்களுக்குச் சில சொல்ல விழைகிறேன்.

நெல்லைக் கிடங்கில் அடுக்கினால் எலியும் ஈரமுமே அதற்குப் பகை. வெடிமருந்துக்கோ அதுவே பகை. நீலகிரியில் உள்ள அரவங்காட்டுத் தொழிற்சாலையின் பெயரில் இருக்கும் கார்டைட் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். 1889இல் ஏபல், டிவார் என்னும் இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது அது. பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் பதப்படுத்தினால் கிடைக்கும் பொருளே அதன் முக்கிய உறுப்பு. இப்பொருள் சும்மா கிடக்கும்போதும் மெல்ல மெல்லச் சிதைகின்றது. சிதைவில் பிறக்கும் வாயுக்கள் சிதைவை மேலும் விரைவாக்குகின்றன. இதைத் தடுக்க வேறொரு இரசாயனப் பொருளை அதில் கலக்கிறார்கள். அப்பொருளும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வரும். ஆகவே குறித்த காலங்களில் மாதிரி எடுத்துச் சோதித்தே ஆகவேண்டும். 1907இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் இயேனா என்னும் போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழைய வெடிமருந்து சிதைந்ததே காரணம் என்று கருதப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1911இல், அதே துறைமுகத்தில் லிபர்த்தே என்னும் கப்பலும் அவ்வாறே அழிந்தது.

இத்தகைய பொருளைக் கையாளும் பொறுப்பை ஒரே கையில் விடுவதில்லை. செய்பவர் ஒருவர், சோதிப்பவர் ஒருவர், காப்பவர் ஒருவர். நம் நாட்டில் படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 வரை ஒரு வாரியத்தின்கீழ் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அவை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அரவங்காட்டுத் தொழிற்சாலை, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தைச் சேர்ந்தது. தரத்தைச் சோதிப்பது பாதுகாப்புத் துறையின் தனி இயக்ககம். தரைப்படைக்காகக் கிடங்கில் வைத்துக் காத்து, வேண்டிய இடத்துக்கு வழங்குவது ஆர்மி ஆர்டினன்ஸ் கோர் என்னும் படைப்பிரிவு.

கிடங்குக்குத் தலைவர் கமாண்டன்ட். அவருக்குக் கண்ணாக இருப்பவர் வெடிபொருள் தொழில்நுட்ப அதிகாரி. ஜபல்பூரில் உள்ள இராணுவக் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர் அவர். பெட்டியைத் திறந்து குண்டைப் பார்வையிடுவோர் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். கணக்கு வைக்கவும், பெட்டிகளை ஏற்றி இறக்கவும், தீயணைக்கவும் சிவில் ஊழியர் உள்ளனர். வாயிற்காவல் பாதுகாப்புக் காவற்படையினுடையது. இவர்களுக்கு வேண்டிய கல்வி யாது என்று கேட்பீர்கள். இரசாயனமும் பௌதிகமும் கணிதமும் நன்றாக வேண்டும். பெட்டியின்மேல் எழுதியிருப்பதை ஒரு எழுத்தும் பிசகாமல் படிக்கும் பழக்கம் அவற்றினும் முக்கியம். ஒரே சமயத்தில் ஒரே சரக்கைக் கொண்டு செய்த குண்டுகளுக்கு ஒரே தொகுதி எண் இடப்படும். எங்கோ ஒரு மலையுச்சியில் அவற்றுள் ஒன்று பழுதென்று தெரிந்தால், அந்த எண்ணுள்ள குண்டு நாட்டில் எங்கிருந்தாலும் அன்றே ஒதுக்கி வைக்கப்படும். எண்ணைத் தவறாகப் பதிந்த எழுத்தர், தாம் காணாத ஒரு சிப்பாயின் உயிரோடு விளையாடுகிறார்.

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். மனிதன் என்றேனும் ஒரு நாள் தவறுவான் என்று முன்னதாகவே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு எவ்வளவு சிறிய இடத்தை அழிக்கலாம் என்று எல்லை கட்டுவதே இத்தொழிலின் அடிப்படை. கட்டடங்களுக்கு இடையே விடவேண்டிய தூரத்தை வெடிமருந்து எடையின் கனமூலத்தைக் கொண்டு கணக்கிடுகின்றனர். எடை 8 மடங்கானால் தூரம் 2 மடங்காக வேண்டும். 27 மடங்கானால் 3 மடங்கு. வகுப்பறையில் நீங்கள் சலிப்புடன் போடும் கனமூலக் கணக்கு அங்கே மண்மேடாகவும் வெற்றிடமாகவும் நிற்கின்றது.

சேரத் தகாதவற்றைச் சேர்த்து வைக்கலாகாது என்பது அடுத்த விதி. குண்டை வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டரும் குண்டின் மருந்தும் ஒரே அறையில் தங்கக் கூடாது. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற போர்ட் ஸ்டைகைன் என்னும் கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும், பஞ்சுப் பொதிகளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பிடித்த தீ வெடிபொருளை எட்டியது. துறைமுகம் சிதைந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயோடு போராடி இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே ஏப்ரல் 14ஐ நாம் தீயணைப்பு நாளாகக் கொண்டாடுகிறோம்.

மூன்றாவது, ஆளுக்கும் அளவு உண்டு. வேலை நடக்கும் கட்டடத்தின் வாயிலில், உள்ளே எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம் என்று பலகையில் எழுதியிருக்கும். தீப்பெட்டியும் கைப்பேசியும் வாயிலோடு நின்றுவிடும். நைலான் ஆடையில் மின்னூட்டம் சேரும் என்பதால் பருத்தி ஆடை; இரும்பு உரசினால் பொறி எழும் என்பதால் பித்தளைக் கருவி. பழங்காலத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்டீர் தொழிற்சாலையில் நைட்ரோகிளிசரின் கலத்தின் வெப்பமானியைப் பார்ப்பவருக்கு ஒற்றைக்கால் முக்காலி கொடுத்தார்கள். கண்ணயர்ந்தால் கீழே விழுந்து விழித்துக்கொள்வார் அன்றோ!

நான் பணியாற்றிய ஒரு கிடங்கில் கண்டதைச் சொல்கிறேன். ஓர் உயர் அதிகாரி தம் குழுவினருடன் ஒரு பழுதுபார்க்கும் அறையைப் பார்வையிட வந்தார். அறையின் பலகையில் நான்கு என்று எழுதியிருந்தது. உள்ளே மூவர் வேலையில் இருந்தனர். வாயிலில் நின்ற இளைஞன் அண்மையில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். "ஐயா, ஒருவர் மட்டும் வரலாம்" என்றான். அவன் குரல் நடுங்கியது. குழுவினர் முகம் சுளித்தனர். அதிகாரியோ பலகையைப் படித்தார். மற்றவர்களை வெளியே நிறுத்தித் தாம் மட்டும் உள்ளே சென்றார். திரும்பும்போது அவன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தண்டிக்க அன்று, பாராட்டவே என்பது பிறகு தெரிந்தது. பதவியைவிடப் பலகை பெரிது என்று எல்லோரும் ஒப்பும் இடத்திலேதான் வெடிமருந்து அமைதியாக உறங்கும். சிறியவன் "நிறுத்துங்கள்" என்று சொல்ல அஞ்சும் கிடங்கில், எத்தனை விதி எழுதி வைத்தும் பயன் இல்லை.

இத்தனையும் இருந்தும் அபாயம் அறவே நீங்குவதில்லை. 2016 மே 31ஆம் நாள் விடியுமுன் மகாராஷ்டிரத்தின் புல்காவ் மத்திய வெடிபொருள் கிடங்கில் தீப்பற்றியது. இரண்டு இராணுவ அதிகாரிகளும், தீயணைப்புப் பணியாளரும், காவற்படையினரும் உயிரிழந்தனர். ஆயினும் தீ ஒரே கொட்டகையோடு அடங்கியது. இறந்தவர்களின் தியாகமும், கட்டடங்களுக்கு இடையே விடப்பட்டிருந்த தூரமும் மற்றக் கொட்டகைகளைக் காத்தன.

இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுவே. இங்கே பரபரப்பை நாடி வராதீர்கள். ஒன்றும் நிகழாத நாளே இங்கே வெற்றி பெற்ற நாள். அதைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. வேறு தொழிலுக்குச் செல்வோரும் ஒன்றை நினைவில் வையுங்கள். நாளைக் காலை உங்கள் இரசாயனக் கூடத்தின் சுவரில் தொங்கும் விதிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றை மீறும் தோழனைத் தடுத்து நிறுத்தும் துணிவு உங்களுக்கு இருக்குமாயின், அந்த வாயிலில் நின்ற இளைஞனின் தொழிலை நீங்கள் ஏற்கெனவே கற்கத் தொடங்கிவிட்டீர்கள்.