சங்கு ஊதாத ஆலைகள்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிழைக்க வந்த இந்த மும்பையில் நமக்கு மலிவாகக் கிடைத்த இடம் ஆலைச் சுவரை ஒட்டிய இடம்தான். செம்பூரிலும் மாகுலிலும் டோம்பிவிலியிலும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நாம் அடுப்பு மூட்டுகிறோம். அந்தப் பக்கம் இருக்கும் தொட்டியில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உள்ளே போய் டிரம் உருட்டுகிற தோழர்களுக்கே தெரியாது. நாம் இன்று பேச வந்தது இந்தத் தெரியாமையைப் பற்றித்தான். மனிதனைக் கொல்வதில் நச்சுக்கு இந்தத் தெரியாமை பெருந்துணை செய்கிறது.

2020 மே 7, விடியற்காலை மூன்று மணி. விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கிளம்பியது. ஸ்டைரீன் தீப்பற்றும் திரவம். அதன் ஆவி நச்சு. குளிர்ச்சியாக வைத்து, தடுப்பு மருந்தும் கலந்து வைத்தால் சும்மா இருக்கும். சூடேறினால் தனக்குத்தானே பிணைந்து இறுகத் தொடங்கும். அப்படிப் பிணையும்போது மேலும் சூடு பிறக்கும். அந்தச் சூடு பிணைப்பை மேலும் விரைவுபடுத்தும். ஊரடங்கில் ஆலை மூடிக்கிடந்த வாரங்களில் இதைத்தான் கவனிக்கத் தவறினார்கள். பன்னிரண்டு பேர் மாண்டனர். ஓடிய வழியிலேயே மக்கள் மயங்கி விழுந்தனர். பிறகு மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு என்ன கண்டது தெரியுமா? அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யும் வசதி ஆலைக்குள் 36 இடங்களில் இருந்தது. ஓரிடத்திலும் அதை யாரும் இயக்கவில்லை.

இது புதிய கதையா, தோழர்களே? 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த மீதைல் ஐசோசயனேட் கொதித்துப் பொங்கியது. அதைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. ஊருக்குக் கேட்கும் சங்கு சற்றே ஒலித்து நின்றுபோனது. அது மறுபடி ஒலித்தபோது மக்கள் நச்சைச் சுவாசித்து முடித்திருந்தார்கள். குளிர்பதனமும் சங்கும் போபாலிலும் தவறின. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து விசாகப்பட்டினத்திலும் தவறின. இதை விபத்து என்று சொல்லி நிர்வாகம் கைகழுவலாம். நாம் அப்படிச் சொல்லக் கூடாது.

ஊரிலேயே இருந்திருக்கலாமே என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. இங்கே டோம்பிவிலியில் 2016 மே 26 அன்றும், 2024 மே 23 அன்றும் இரசாயன ஆலைகள் வெடித்தன. எந்த ஊரானாலும் சுவரை ஒட்டிக் குடியிருப்பது ஏழைதான்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில் வேலை செய்யும் இடம். தின்னர், டொலுவீன் போன்ற கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து, தொலைவில் இருக்கும் பீடி நெருப்பைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். டிரம்மிலிருந்து ஊற்றும்போது நிலைமின்சாரம் உண்டாகும். ஒரு பொறி போதும். ஆகவே டிரம்மையும் ஊற்றும் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்து, எர்த் கொடுத்த பிறகே ஊற்ற வேண்டும். தாராவியில் டிரம் வேலை செய்யும் தோழர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம்: காலி டிரம் என்பது காலி அல்ல. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கழுவி ஆவி போக்காத டிரம்மில் கேஸ் கட்டிங் வைக்காதீர்கள். தாய்மார்களே, என்ன இருந்த டிரம் என்று தெரியாமல் அதில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள்.

தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்காதீர்கள். ஒருவரைக் காக்க இறங்கி இருவர் மூவராய்ச் செத்த கதை நம் நாட்டில் ஏராளம். மூச்சுக்கருவி அணிந்தவர் மட்டுமே இறங்க வேண்டும். உடம்பில் இரசாயனம் பட்டால் துணியைக் களைந்து, பதினைந்து நிமிடமாவது ஓடும் நீரில் கழுவுங்கள். கரைப்பானை விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும்.

அடுத்தது வீடும் தெருவும். கசிவு என்று தெரிந்தால் வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள். விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். அடுப்பையும் வண்டியையும் பற்றவைக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். வாயு வரும் திசையை நோக்கியும் போகாதீர்கள், வாயு போகும் திசையிலும் ஓடாதீர்கள். காற்றுக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள். பள்ளத்தில் ஒதுங்காதீர்கள், மேட்டுக்குப் போங்கள். மூக்கில் ஈரத்துணி ஓரளவு உதவும்; அதை முகமூடி என்று நம்பி நின்றுவிடாதீர்கள். 112க்குச் சொல்லுங்கள். டாங்கர் லாரி கவிழ்ந்திருந்தால் அதன் பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துச் சொல்லுங்கள். 1203 பெட்ரோல், 1005 அம்மோனியா, 1017 குளோரின், 2055 ஸ்டைரீன். அந்த எண்ணைக் கேட்டால் எதைக் கொண்டு அணைக்க வேண்டும், எவ்வளவு தூரம் மக்களை விலக்க வேண்டும் என்பது தீயணைப்பாளருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால், தோழர்களே, எல்லாப் பொறுப்பையும் நம் தலையில் நாமே ஏற்றிக்கொள்ளப் போகிறோமா? கூடாது. போபாலுக்குப் பிறகு, 1989இல் வந்த அபாயகர இரசாயன விதிகள் என்ன சொல்கின்றன? குறிப்பிட்ட அளவுக்கு மேல் இரசாயனம் வைத்திருக்கும் ஆலை, விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், செய்ய வேண்டியதையும், செய்யக் கூடாததையும் தானே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆலைக்கு வெளியே மக்களைக் காக்கும் திட்டத்தை மாவட்ட அதிகாரம் தயாரித்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடத்த வேண்டும். ஆபத்து நெருங்குவதைக் கண்டால் நிர்வாகத்துக்கு எச்சரிக்கை செய்யும் உரிமையை 1987இல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்குத் தந்தது. 2020இல் இயற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

நம் தெருவில் அந்த ஒத்திகையைப் பார்த்தவர் யார்? சங்கு ஊதினால் எந்தப் பக்கம் போவது என்று நம் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

காண்டிராக்ட் தொழிலாளி தனியாளாகப் போய்க் கேட்டால் மறுநாள் அவருக்குக் கேட் திறக்காது. அது நமக்குத் தெரியும். அதனால்தான் சங்கமாகக் கேட்க வேண்டும் என்கிறோம். நம் கோரிக்கைகள் நான்கு. தொட்டியில் இருப்பதன் பெயரும் அளவும் வாயிலில் எழுதப்பட வேண்டும். எச்சரிக்கை, ஆங்கிலத்தில் மட்டுமல்ல, மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும், அங்கே உழைக்கும் பிற மக்களின் மொழிகளிலும் இருக்க வேண்டும். ஒத்திகை நம் தெருக்களுக்குள் நடக்க வேண்டும். சங்கு மாதம் ஒரு முறை ஊதிச் சோதிக்கப்பட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தாள் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஆலை எது, அங்கே வந்து போகும் லாரியில் எழுதியிருக்கும் எண் எது என்று குறித்து வாருங்கள். அந்தத் தாள்களைச் சேர்த்து மனுவோடு மாவட்ட ஆட்சியரிடம் போவோம். மனுவில் கையெழுத்துப் போடும் வரிசையில் மராத்தியத் தோழரும் பீகார்த் தோழரும் நம்மோடு நிற்கட்டும். நச்சுக்காற்று மொழி கேட்டு வீடு நுழைவதில்லை.