20,000 வீரர்களின் வீண் நடை



போரில் தோற்றவர் என்றால் வீரம் குறைந்தவர் என்று பலர் எண்ணுகிறோம். வீரமும் ஆள்பலமும் இருந்தும், சொல் சரியாகப் போய்ச் சேராததால் ஒரு பெரும்படை பயனற்றுப் போன வரலாற்றை இன்று காண்போம்.

1815-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள். இன்றைய பெல்ஜியம் நாட்டில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் போர் மூண்டது. லின்யீ என்ற ஊரில் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன், பிரஷ்யப் படையைத் தாக்கினார். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், காத்ர பிரா என்ற நாற்சந்தியில் அவருடைய தளபதி நே, வெலிங்டன் பிரபுவின் படையோடு மோதினார்.

அக்காலத்தில் தொலைபேசி ஏது? வானொலி ஏது? மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பும் கோபுரங்கள் பிரான்சில் 1794 முதல் இருந்தன. ஆனால், நின்ற இடத்தில் நிற்கும் கோபுரம் நகரும் படைக்கு உதவுமா? சீட்டு எழுதிக் குதிரை வீரனிடம் கொடுத்தனுப்புவதே வழி. அவன் வழி தவறலாம், எதிரியிடம் சிக்கலாம். அவன் போய்ச் சேர்வதற்குள் களநிலையே மாறிவிடலாம். வெடிமருந்துப் புகை வேறு கண்ணை மறைக்கும்.

தளபதி டெர்லோனின் கீழ் சுமார் 20,000 வீரர்கள் நேயின் உதவிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். டெர்லோன் முன்னே சென்றிருந்த வேளையில், பேரரசரின் கட்டளை என்று சொல்லி ஓர் அதிகாரி அந்தப் படையை லின்யீ பக்கம் திருப்பிவிட்டார். எதிர்பாராத திசையில் வந்த அவர்களை எதிரிகளோ என்று நெப்போலியனின் ஆட்கள் ஐயுற்றார்கள். யாரென்று அறிந்துவர ஆள் போயிற்று. இறுதித் தாக்குதல் தாமதமாயிற்று. அதற்குள், "உடனே திரும்பி வா" என்று நேயிடமிருந்து கட்டளை வந்தது. ஒரு பிரிவை மட்டும் அங்கே விட்டுவிட்டு, டெர்லோன் மற்றவர்களோடு திரும்பினார். அவர் காத்ர பிராவை அடைந்தபோது சண்டை ஓய்ந்து இருட்டிவிட்டது.

லின்யீயில் பிரஷ்யர்கள் தோற்றார்கள், ஆனால் அழியவில்லை. இரண்டே நாளில், ஜூன் 18 அன்று, அவர்களே வாட்டர்லூ களத்துக்கு வந்து வெலிங்டனுக்குக் கைகொடுத்தார்கள். நெப்போலியனின் ஆட்சி அதோடு முடிந்தது. அன்று பகல் 1 மணியளவில் தளபதி குரூஷியைத் துணைக்கு அழைத்து அவர் எழுதிய சீட்டும் மாலையில்தான் கிடைத்தது.

1796 முதல் நெப்போலியனின் கட்டளைகளைத் தெளிவாக எழுதி அனுப்பி வந்தவர் பெர்த்தியே. அவர் இந்தப் போரில் உடனில்லை. ஜூன் 1-ஆம் நாளே ஜெர்மனியில் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார். அவருடைய பணியை ஏற்ற சூல்ட், களத்தில் பேர்பெற்ற தளபதி. ஆனால் அந்த வேலையில் பழக்கமில்லாதவர்.

நேயர்களே, அந்த 20,000 பேரும் கோழைகள் அல்லர். இரண்டு தலைவர்களின் சொல்லுக்கும் கீழ்ப்படிந்தே நடந்தார்கள். யாருடைய சொல் முடிவானது என்பது தெளிவாக இல்லை. ஒருவர் இட்ட கட்டளை மற்றவருக்குத் தெரியவில்லை. வேலை சிறிதோ பெரிதோ, சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. அது போய்ச் சேர்ந்ததா, சொன்னபடியே புரிந்ததா என்று கேட்டறிவதும் சொன்னவரின் கடமையே.