செய்தித் துறை நேர்முகத் தேர்வு: பிள்ளைகளை ஆயத்தமாக்குவோம்

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய பெற்றோர்களே, தம்பி தங்கைகளே! நமது உதவித்தொகையில் இதழியல் படித்த ஒரு தம்பி, சென்ற ஆண்டு ஒரு நாளிதழின் நேர்முகத் தேர்வுக்குப் போனார். "இன்று எங்கள் பத்திரிகையின் தலைப்புச் செய்தி என்ன?" இதுதான் முதல் கேள்வி. அவருக்குத் தெரியவில்லை. குறை அவருடையது மட்டுமல்ல. கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய நாம், பயிற்சி கொடுக்க மறந்துவிட்டோம்.

ஆகவே சில விஷயங்கள்.

எந்தப் பத்திரிகைக்குப் போகிறீர்களோ, அதை ஒரு மாதமாவது நாள்தோறும் படியுங்கள். தலையங்கத்தையும் மாவட்டப் பக்கத்தையும் விடாதீர்கள்.

பெரும்பாலும் எழுத்துத் தேர்வும் இருக்கும். ஆங்கிலச் செய்தியைத் தமிழில் தருவது, நீண்ட செய்தியைச் சுருக்குவது, தலைப்பிடுவது ஆகியவற்றைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிப் பழகுங்கள்.

சொந்தமாக எழுதிய செய்திகள் மூன்று நான்கு கையில் இருக்கட்டும். நம் தெருக் குடிநீர்ப் பிரச்சினையே ஒரு செய்திதான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால், பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை வைத்து எழுதுங்கள்.

சட்டமும் கேட்பார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமல்ல, பள்ளி, முகவரி, குடும்ப விவரத்தையும் சிறப்பு நீதிமன்ற அனுமதியின்றி வெளியிடக் கூடாது.

பெண் பிள்ளைகளிடம் இரவுப் பணி பற்றிக் கேட்கலாம். அதை வீட்டில் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

"உங்கள் ஜமாஅத்தில் தவறு நடந்தால் எழுதுவீர்களா?" என்றும் கேட்கலாம். கோபப்பட வேண்டாம். "இரு தரப்பையும் விசாரித்து, ஆதாரம் இருந்தால் எழுதுவேன்" என்று சொல்லுங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இது வேலைக்காகச் சொல்லும் பதிலாக இருந்துவிடக் கூடாது. நாளை நம் பிள்ளை அப்படி எழுதினால், பெரியவர்களாகிய நாமும் அதைப் பொறுமையோடு ஏற்க வேண்டும். நம்மைப் பற்றிப் பிறர் தவறாக எழுதும்போது வருந்துகிற நாம், சரியாக எழுதும் பிள்ளையைக் கைவிடலாமா?

இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் நமது அலுவலகத்தில் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துவோம். நாளிதழ்களும் வாங்கி வைப்போம். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். அவர்களுக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.