நம் தொழில் நம் பெயரில்



நம் பிள்ளைகளைப் படிக்க வைப்பதே இக்கழகத்தின் முதற் பணியாய் இருந்தது. படித்தபின் என்ன என்பதே இன்று நம்முன் நிற்கும் கேள்வி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. நாம் ஆடு மாடு மேய்த்த வழிகளில் இன்று சரக்கு லாரிகள் ஓடுகின்றன. ஆயினும் சம்பளத்தை மட்டும் நம்பியிருப்பவர் நிலை என்ன என்பதை, 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலை நமக்கு உணர்த்திவிட்டது.

ஆலையைச் சுற்றி ஆயிரம் சிறு தொழில்கள் உண்டு. மரப்பெட்டி செய்தல், வெல்டிங், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன், உணவுக்கூடம், குளிர்சாதனப் பராமரிப்பு ஆகியவற்றை நம்மவர் பலர் இன்றும் செய்கின்றனர். ஆனால் பில் இன்னொருவர் பெயரில் போகிறது. உழைப்பு நமது, பெயரும் பணமும் பிறருடையவை. இந்நிலை மாற வேண்டும்.

இதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1893-இல் இதழ் தொடங்கியபோது அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பில் அச்சிட்டுத் தலைநிமிர்ந்து நின்றார். தன் பெயரைத் தானே எழுதுபவனுக்கே மதிப்புண்டு என்பது அவர் காட்டிய வழி.

இனி, தனி ஒருவராகத் தொழில் தொடங்குவோர் அறிய வேண்டியவற்றைக் காண்போம். கம்பெனிக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், கூட்டு வணிகத்துக்கு 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் பதிவேடுகள் உண்டு. தனி உரிமையாளர் தொழிலுக்கு அத்தகைய தனிப் பதிவேடு கிடையாது. சட்டத்தின் பார்வையில் தொழிலும் உரிமையாளரும் ஒருவரே. ஆகவே தொழிற்பெயரை நிலைநாட்டுவன நாம் பெறும் சான்றுகளே ஆகும்.

முதலாவது, உத்யம் பதிவு. 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவை ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையவழியில் செய்யலாம். கட்டணம் எதுவுமில்லை, இடைத்தரகருக்கு ஒரு காசும் தர வேண்டாம். ஐயம் எழுந்தால் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

இரண்டாவது, சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு. தமிழகத்தில் பொதுவாக ஆண்டு விற்றுவரவு சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம், சரக்கு விற்பனைக்கு 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் இது கட்டாயம். அச்சான்றில் உரிமையாளரின் சட்டப் பெயரும் வணிகப் பெயரும் தனித்தனியே இடம்பெறும். தொழிற்பெயரில் உள்ள இவ்விரு சான்றுகளையும் காட்டி வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கலாம். உள்ளாட்சி உரிமம் தேவைப்படும் தொழிலுக்கு அதனையும் பெறுக.

ஒன்றை மறத்தலாகாது. இப்பதிவுகளால் அப்பெயர் நமக்கே உரியதாகிவிடாது. பிறர் அதைக் கையாளாது தடுக்க, 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி பதிய வேண்டும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உரிமை பத்தாண்டு, பின்னர் புதுப்பிக்கலாம். பெயர்ப்பலகை எழுதும் முன்பே, அப்பெயர் பிறரிடம் உள்ளதா எனத் தேடிப் பார்த்தல் நன்று.

இப்பதிவுகளால் பயன் என்ன? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் பெற வேண்டும்; அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் தொழில்களுக்கு உரியது. தனியார் ஆலைகளை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றையும் கட்டுப்படுத்தும். குறு, சிறு தொழில்கள் அளித்த பொருளுக்கும் சேவைக்கும் 45 நாளுக்கு மேல் தவணை கூறல் இயலாது. தாமதித்தால் வட்டியுடன் தர வேண்டும். ஆதலால் சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவை முடித்திடுக. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமோ, 35 விழுக்காடு மூலதன மானியத்தை ஒன்றரைக் கோடி ரூபாய் வரை அளிக்க வகைசெய்தது.

இளைஞர்களே! சலுகை உள்ள இடத்தில் சூழ்ச்சியும் உண்டு. “உன் பெயரைக் கொடு, கையெழுத்து மட்டும் போடு, மாதந்தோறும் பணம் தருகிறேன்” என்று நயந்து பேச ஒருவர் வருவார். மறுத்துவிடுங்கள். தொழிலும் உரிமையாளரும் ஒன்றென்றால், கடனும் வரிப்பாக்கியும் உங்கள் தலையிலேயே விழும். குடியிருக்கும் வீட்டுக்கும் ஆபத்து வரும். செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892-இல் நமக்கென ஆணை பிறந்த பஞ்சமி நிலங்கள் எவ்வாறு பிறர் கைக்குப் போயின என்பதை நாமறிவோம். நிலத்தில் நேர்ந்தது தொழிலிலும் நேரக்கூடாது.

கூரைக் கொட்டகையாயினும் பெயர்ப்பலகை நமதாகட்டும். கணக்கும் நம் கையில் இருக்கட்டும். பதிவுக்கு உதவி வேண்டுவோர்க்கு, மூத்த மாணவர்கள் ஞாயிறுதோறும் இக்கழகத்தில் அமர்ந்து படிவம் நிரப்பித் தரலாம். வெள்ளி விழாவின் தீர்மானமாக இதனை ஏற்குமாறு வேண்டி அமைகிறோம்.